விக்டோரியாவா, 14-ம் லூயியா?

ஐரோப்பிய அரச குடும்பத்துக் கையெழுத்துக் கடிதம் ஒன்று வாங்கலாம் என்று இறங்கியபோது, கடைசியில் எனக்கு முன்னால் நின்றது இரண்டு பெயர்கள்தான்: பிரான்சின் 14-ம் லூயி, பிரிட்டனின் விக்டோரியா. வாங்கியது விக்டோரியா.

பழமையிலும் பார்வைக்கும் லூயிதான் கெத்து, அதில் பேச்சே இல்லை. ஆனால் அடியில் இருக்கும் அந்த 'லூயி' யார் கையால் விழுந்தது? மன்னரைப் போலவே எழுதவும் கையெழுத்துப் போடவும் அரண்மனையிலேயே ஆள் வைத்திருந்தார்கள். துஸேன் ரோஸ் என்ற செயலர் இதில் பேர்போனவர். மன்னரின் ஒப்புதலோடு நடந்த வேலை என்பதால் இதைப் போலி என்று சொல்ல முடியாது, அதேசமயம் மன்னரின் பேனா அந்தக் காகிதத்தைத் தொட்டதாகவும் சொல்ல முடியாது. சாதாரண அரசு உத்தரவுகளில், கீழே கோல்பேர் போன்ற அமைச்சர் போட்டிருக்கும் இணைக் கையெழுத்தை நம்புகிற அளவுக்குக்கூட மேலே உள்ள மன்னர் பெயரை நம்ப முடிவதில்லை. நாளைக்கு விற்கப் போனால் முதல் கேள்வியே இதுதான். லூயி முழுக்கத் தன் கைப்பட எழுதிய கடிதம் என்றால் கதை வேறு, விலையும் வேறு.

விக்டோரியா அப்படியில்லை, அந்த அம்மா எழுதித் தள்ளியவர். சரிந்து ஓடும் எழுத்து, வரிக்கு வரி அடிக்கோடு. படித்து முடிப்பதற்குள் கண் வலித்துவிடும். 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு கறுப்புக் கரை போட்ட துக்கக் காகிதம்தான், அதைப் பார்த்தே காலத்தை ஓரளவு கணித்துவிடலாம். இந்தியப் பேரரசியாக 1877-ல் பிரகடனம் செய்யப்பட்ட பிறகு 'வி.ஆர்.' (விக்டோரியா ரெஜினா, அதாவது ராணி விக்டோரியா) என்பதோடு 'ஐ'யும் (இம்பெராட்ரிக்ஸ், பேரரசி) சேர்ந்துகொண்டது, ஆகவே 1860-ஆம் வருடக் கடிதத்தில் 'வி.ஆர்.ஐ.' என்று இருந்தால் அப்படியே கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இன்னொன்று, அமைச்சர்களுக்கு எழுதும்போது 'ராணி இவ்வாறு கருதுகிறார்' என்று படர்க்கையில் எழுதுவார், முடிவில் கையெழுத்தே இருக்காது. அது குறை அல்ல, கடிதம் முழுக்க அவர் எழுத்துதானே. கையெழுத்துதான் வேண்டும் என்றால் உறவினர்களுக்கு எழுதியதைத் தேடுங்கள்.

விற்றால் என்ன தேறும் என்பதை நான் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை, விக்டோரியா கடிதங்கள் நிறையவே புழங்குவதால் பெரிதாக ஏறாது என்றே நினைக்கிறேன். பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்: அமிலமில்லாத உறை, வெயில் படாத அலமாரி. லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம்.