எச்சரிக்கை: 42 பக்க ரிப்போர்ட்டை நம்பி எங்கள் இணையதளத்தையே தொலைத்தோம்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம், ஒரு வாடகை வீட்டு மாடியில் பதினாறு வருடமாக மாலை நேர இலவச டியூஷன் நடத்துகிறோம். அறுபது பிள்ளைகள், மூன்று டீச்சர்கள், இரண்டு பீரோ நிறையப் புத்தகங்கள். இதைப் போல ஒரு சின்ன அமைப்பை நீங்களும் நடத்துகிறீர்களா? "உங்க வெப்சைட்டை ஃப்ரீயா ஆடிட் பண்ணித் தர்றோம்" என்று யாராவது ஃபோன் செய்தால், பதில் சொல்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுக்கு அந்த ஃபோன் ஜனவரியில் வந்தது. பேசியவர் நல்ல மரியாதையாகப் பேசினார். இரண்டாம் நாள் 42 பக்கத்தில் ஒரு பி.டி.எஃப். வந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. "சைட் ஹெல்த் நூத்துக்கு 58, ரொம்ப ஆபத்து சார், இப்படியே விட்டா கூகுள் உங்களைத் தூக்கிடும்" என்றார். டியூஷன் தேடும் அம்மாக்கள் இப்போது ஃபோனில்தான் தேடுகிறார்கள். நன்கொடை தருபவர்களும் பணம் போடுவதற்கு முன் இணையதளத்தைப் பார்க்கிறார்கள். பயந்துவிட்டோம். முழு ஆடிட்டும் பழுதுபார்ப்பும் 18,000 ரூபாய், அப்புறம் மாதாமாதம் 4,500. மூன்று மாதத்தில் கூகுள் தேடலில் முதல் இடம் உறுதி என்றார். இந்தக் கடைசி வாக்கியத்திலேயே நாங்கள் ஃபோனை வைத்திருக்க வேண்டும். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது.

அந்த ரிப்போர்ட்டை இப்போது திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். 17-ஆம் பக்கத்தில் எங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பல் மருத்துவமனையின் பெயர் இருக்கிறது. வேறு யாருக்கோ செய்ததில் பெயரை மாற்றியபோது அது விட்டுப்போயிருக்கிறது. பணம் கட்டும் முன் நாங்கள் மூன்று பேர் படித்தோம், ஒருவர் கண்ணிலும் இது படவில்லை. "மெட்டா கீவேர்ட்ஸ் இல்லை, மிக அவசரம்" என்று ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு. பக்கத்தின் நிரலுக்குள் எழுதி வைக்கும் தேடல் சொற்கள்தான் அவை. தரவரிசைக்கு அவற்றைக் கணக்கில் எடுப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது.

எங்கள் தளத்தில் உண்மையான கோளாறுகள் இல்லாமல் இல்லை. தமிழ்ப் பக்கங்களில் பாதி, பழைய பாமினி எழுத்துருவில் அடித்தவை. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே வெறும் ஆங்கில எழுத்துக் கதம்பம். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் இல்லாததால் "இலவச டியூஷன்" என்று ஒரு அம்மா தேடினால், அந்தச் சொல் எங்கள் பக்கத்தில் இருப்பதே கூகுளுக்குத் தெரியாது. வகுப்பு நேரங்களையெல்லாம் நோட்டீஸாக அடித்து, அதைப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தோம். முகப்பில் ஃபோனில் எடுத்தபடியே ஏற்றிய 14 படங்கள், ஒவ்வொன்றும் ஐந்தாறு எம்.பி. பக்கத்தின் மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 நொடிக்குள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. எங்களுடையது சாதாரண ஃபோனில் திறக்கவே அரை நிமிடம் ஆகும். எங்கள் பக்கத்தை ஒரே ஒரு தடவை ஃபோனில் திறந்து, கொஞ்சம் தமிழையும் வாசித்துப் பார்த்திருந்தால் யாரும் இதைச் சொல்லிவிடலாம். 42 பக்கத்தில் பாமினி பற்றி ஒரு வரி இல்லை. முகவரியை ஒரு கருவியில் போட்டு, அது துப்பியதை அப்படியே எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மார்ச் 11-ஆம் தேதி "புதிய வடிவம் ஏற்றப்பட்டது" என்று தகவல் வந்தது. அதற்கு முன்பே, நிர்வாகத்துக்கு வசதி என்று சொல்லி டொமைனை, அதாவது தளத்தின் முகவரியை, தங்கள் கணக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். எங்களுக்கு எடிட்டர் என்ற அளவில் மட்டும் ஒரு லாகின். பதிவு எழுதலாம், படம் போடலாம், அமைப்புகளுக்குள் போக முடியாது. மாதாமாதம் ரிப்போர்ட் தவறாமல் வந்தது. 58 என்பது 91 ஆனது. எதை வைத்து 91 என்று கேட்டேன். "டூல் காட்டுது சார்" என்றார்.

செப்டம்பர் கடைசியில் அம்பத்தூரிலிருந்து ஒரு பெரியவர் பேசினார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, வருடா வருடம் ஆயுத பூஜையை ஒட்டிப் பணம் அனுப்புபவர். "என்னப்பா, சென்டரை மூடிட்டீங்களா? பேரைப் போட்டுத் தேடினாக்கூட வரலையே" என்றார். எனக்குக் கை நடுங்கியது. நானும் தேடினேன். எங்கள் பெயரை முழுதாக அடித்தும் நாங்கள் இல்லை.

எங்களிடமே படித்து, இப்போது சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாடிக்கே வந்தது. தேடல் பெட்டியில் சைட் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் எங்கள் முகவரியைச் சேர்த்தது. நம் தளத்தில் எந்தெந்தப் பக்கங்களை கூகுள் வைத்திருக்கிறது என்று அது ஓரளவு காட்டிவிடும். ஒரு பக்கம்கூட இல்லை. பிறகு முகப்புப் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து, மேலே ஒரு வரியைத் தொட்டுக் காட்டியது. நோஇண்டெக்ஸ். இந்தப் பக்கத்தை உன் பட்டியலில் சேர்க்காதே என்று கூகுளுக்கு நாமே சொல்லும் வரி அது. "சார், புது டிசைனை வேற இடத்துல வச்சு டெஸ்ட் பண்ணியிருக்காங்க. அப்போ கூகுள் பார்க்கக் கூடாதுன்னு வேர்ட்பிரஸ்ல ஒரு டிக் போடுவாங்க. லைவ்ல ஏத்தும்போது அந்த டிக்கை எடுக்கவே இல்லை." வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எங்கள் தளத்தை நடத்தும் மென்பொருள்தான் வேர்ட்பிரஸ். அதன் அமைப்புகளில் வாசிப்பு என்ற பகுதியில் ஒரே ஒரு சின்னக் கட்டம். ஆறு மாதத்துக்கும் மேலாக அந்த டிக்கோடு எங்களிடம் மாதம் 4,500 வாங்கியிருக்கிறார்கள்.

அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். மன்னிப்பு இல்லை. எல்லாவற்றையும் மாற்ற முடிகிற அட்மின் லாகினும் டொமைனும் வேண்டுமென்றால் ஒப்படைப்புக் கட்டணம் 12,000 என்றார்கள். வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் கட்டிப் புதுப்பிக்கிற டொமைன் அது.

ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்க எடுத்த வாடகை இடம், மட்டும் எங்கள் பெயரில் இருந்தது. ரசீது டிரஸ்ட் பெயரில்தான் வர வேண்டும் என்று எங்கள் கணக்குப்பிள்ளை ஆரம்பத்திலிருந்தே பிடிவாதமாக இருந்தார், அவருக்குப் புண்ணியம். அதன் வழியாகப் போய் அந்தப் பெண் புதிய அட்மின் கணக்கு உருவாக்கி, டிக்கை எடுத்துவிட்டு, சர்ச் கன்சோலில் தளத்தை எங்கள் ஜிமெயிலோடு இணைத்தது. இந்த சர்ச் கன்சோல் கூகுளின் இலவசச் சேவை. எந்தப் பக்கம் பட்டியலில் இருக்கிறது, எது இல்லை, ஏன் இல்லை என்று அதுவே காட்டும். வேகத்தைப் பார்க்க பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸும் இலவசம்தான். ஏழு மாதமும் அவர்கள் சர்ச் கன்சோலைத் தங்கள் கணக்கிலேயே வைத்திருந்தார்கள். எங்களைப் பயனராகச் சேர்க்க ஒரு நிமிடம் போதும், சேர்க்கவில்லை. ஏன் என்று சில நாளில் தெரிந்தது. எங்களுக்கு இணைப்பு தரும் தளங்களின் பட்டியலில் சூதாட்டத் தளங்கள் வரிசையாக இருந்தன. தேடலில் மேலே வரச் செய்ய இப்படி மற்ற தளங்களில் இணைப்பைக் காசு கொடுத்து வாங்குவார்களாம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் இடத்துக்கு இதையா வாங்கித் தந்தார்கள் என்று வயிறு எரிந்தது.

மொத்தம் 49,500 ரூபாய். ஒரு டீச்சருக்கு நாங்கள் மாதம் தருவது 4,000. ஒரு வருடச் சம்பளத்துக்கும் மேல் போய்விட்டது.

இப்படி யாராவது உங்களை அணுகினால், உங்கள் தளத்தை அவர்கள் ஃபோனில் உங்கள் எதிரிலேயே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். என்ன தெரிகிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். டொமைன், ஹோஸ்டிங், அட்மின், சர்ச் கன்சோல் நான்கும் அமைப்பின் மின்னஞ்சலில்தான் இருக்க வேண்டும். அவர்களை உள்ளே விடுங்கள், உரிமையைத் தராதீர்கள். அவர்கள் ஏதாவது மாற்றிய மறுவாரம், சைட் தேடலை நீங்களே ஒரு தடவை செய்து பாருங்கள்.

எங்கள் முகப்புப் பக்கம் ஐந்தாம் நாள் கூகுளில் திரும்ப வந்தது. 23 பக்கங்களில் இன்றைக்கு 14 வந்திருக்கின்றன. பாமினிப் பக்கங்களை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் சாயங்காலம் உட்கார்ந்து யூனிகோடில் திரும்ப அடிக்கிறார்கள். டொமைன் இன்னும் கைக்கு வரவில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். ஜனவரியில் அதைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் வந்தாலும் வராவிட்டாலும் இங்கேயே எழுதுகிறேன்.