கார்பன் தடமா, முழு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடா?

சிங்கப்பூரில் துவாஸ், ஜூரோங் பக்கம் சிறு தொழிற்சாலை நடத்தும் நம்மவர்களிடம் பெரிய வாடிக்கையாளர்கள் சுற்றுச்சூழல் கணக்கு கேட்கிறார்கள். சரி, எதைச் செய்வது?

எதை அளக்கும்?
கார்பன் தடம் (சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 14067): பசுங்குடில் வாயுக்களை மட்டும்.
முழு மதிப்பீடு, அதாவது மூலப்பொருள் முதல் கழிவு வரை பொருளின் பாதிப்பைக் கணக்கிடுவது (ஐஎஸ்ஓ 14040, 14044): அதோடு நீர், நச்சு, அமிலமாதல், வளத்தேய்வு.

இங்கேதான் கவனம் வேண்டும். நிக்கல், குரோமியம் முலாம் பூசும் பட்டறைக்குக் கார்பன் எண் நன்றாகவே வரலாம். கழிவுநீரில் போகும் உலோகம் அதில் தெரியவே தெரியாது. அலுமினியப் பாகம் கடைபவருக்கு நிலைமை வேறு. மறுசுழற்சி அலுமினியத்துக்கு, தாதுவிலிருந்து எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும். மூலப்பொருளை மாற்றினால் என்ன மிச்சம் என்பதைக் கார்பன் தடமே காட்டிவிடும்.

செலவு, உழைப்பு
கார்பன் தடம்: மின்கட்டணச் சீட்டு, கொள்முதல் ரசீதுகளோடு தொடங்கலாம்.
முழு மதிப்பீடு: மென்பொருள், தரவுத்தளம், ஆலோசகர். சப்ளையரிடம் தரவு வாங்குவதே பெரும்பாடு.

விளம்பரத்துக்கு
‘போட்டிப் பொருளைவிட எங்களுடையது சுற்றுச்சூழலுக்கு நல்லது’ என வெளியே அறிவிக்க, முழு மதிப்பீடும் நிபுணர் குழுவின் சரிபார்ப்பும் தேவை. கார்பன் எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்வது வாங்குபவரைத் தவறான பக்கம் திருப்பும்.

உலோகம் கடைதல், பேக்கேஜிங், மின்செலவு அதிகமுள்ள வேலை என்றால் கார்பன் தடத்தில் தொடங்குங்கள். சிங்கப்பூரின் கார்பன் வரி 2026இல் வெளியேறும் பசுங்குடில் வாயு டன்னுக்கு 45 வெள்ளி, மின்கட்டணம் வழியாக அது உங்களையும் தொடும். ரசாயனம், முலாம், மின்னணுப் பாகம் என்றால் செலவைப் பார்க்காமல் முழு மதிப்பீட்டுக்கே போங்கள்.