கவர்மெண்ட் ரெகக்னைஸ்டு என்றால் கவர்மெண்ட் அல்ல: சேலத்து கன்சல்டன்சி ஒன்றில் ஏமாந்தவன் எழுதுவது

போன வாரம் ஐந்து ரோடு சிக்னலில் வண்டியை நிறுத்தியபோது ஃப்ளெக்ஸ் ஒன்றில் என் முகத்தைப் பார்த்தேன். கோட்டு சூட்டு எல்லாம் மாட்டிவிட்டிருந்தார்கள். என்னிடம் கோட்டே கிடையாது. கீழே, "ஜெர்மனி அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்த எங்கள் மாணவர்." பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா தோளைத் தட்டி, "கண்ணு, அது நீதானே?" என்றார். பச்சை விழுந்து பஸ்காரர் ஹாரன் அடிக்கும்வரை எனக்கு வாய் வரவில்லை.

நான் அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லை. அந்தப் பொய்யால்தான் செவ்வாப்பேட்டை வீட்டுப் பத்திரம் இன்றைக்கும் பேங்கில் இருக்கிறது. அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு இன்னொரு பையன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு, அதை வைத்த வெளிநாட்டுப் படிப்பு கன்சல்டன்சியின் மாடிப்படி ஏறிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்கிறார். நடந்ததைப் படித்தால் ஆளை அடையாளம் தெரியாவிட்டாலும் வேலையை அடையாளம் தெரியும்.

2023 ஜனவரி. மெக்கானிக்கல் முடித்து ஏழெட்டு மாதம் சும்மா இருந்தேன். சிஜிபிஏ 8.2, அரியர் இல்லை. ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஏசி போட்ட ஆபீஸ், சுவரில் உலகப்படம், ரிசப்ஷனில் காபி. "ஃப்ரீ கவுன்சிலிங்" என்று போட்டிருந்ததால்தான் போனோம். மேடம் என் மார்க்ஷீட்டைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "8.5க்குக் கீழே பப்ளிக் யுனிவர்சிட்டியில எடுக்க மாட்டாங்க தம்பி. இருந்தாலும் அஞ்சுக்கு அப்ளை பண்ணிப் பார்ப்போம்."

அப்படி ஒரு 8.5 விதி கிடையவே கிடையாது. நம் மதிப்பெண்ணை ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்ற, பவேரியா முறை என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நம் மதிப்பெண்ணைக் கழி. அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கான குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகு. மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. எங்கள் மார்க்ஷீட்டின் பின்பக்கத்தில் தேர்ச்சிக்கு 5 என்று இருந்தது. 10இல் 8.2 போனால் 1.8, ஐந்தால் வகுத்தால் 0.36, முடிவில் 2.08. ஜெர்மனியில் எண் குறையக் குறைய நல்லது. 2.5 வரை ஏற்கும் முதுகலைப் படிப்புகள் நிறைய இருக்கின்றன. ஐந்து நிமிடக் கணக்கு. இஞ்சினியரிங் படித்த நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. உதட்டைப் பிதுக்கியதையே கணக்காக எடுத்துக்கொண்டேன்.

பதிவுக்கட்டணம் 20,000. பிறகு "பேக்கேஜ்" 1,10,000. இந்த இரண்டுக்கும்தான் ரசீது. அதில் "டாக்குமெண்டேஷன் சார்ஜஸ், நான் ரீஃபண்டபிள்" என்று இருந்தது. அடுத்தது ஏபிஎஸ். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்கள் ஜெர்மனி விசாவுக்கு ஏபிஎஸ் சான்றிதழ், அதாவது நம் மார்க்ஷீட்டும் பட்டமும் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் தாள், வைக்க வேண்டும். அதற்குக் கட்டணம் 18,000 ரூபாய், மாணவரே நேரடியாகக் கட்டலாம். எங்களிடம் 35,000 வாங்கினார்கள், "சீக்கிரம் வாங்கித் தர்றோம்" என்று. இதற்கு ரசீது கேட்டதும் கன்சல்டன்சி சார் சிரித்தார். "ஜிபே பண்ணினாலே ரசீதுதானுங்க அண்ணா." அந்த ஜிபே எண் யாரோ ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது.

இன்னொன்றும் செய்தார்கள், அதன் விஷம் அப்போது உறைக்கவில்லை. என் பெயரில் புது ஜிமெயில் ஒன்றை அவர்களே உருவாக்கினார்கள். பாஸ்வேர்டு அவர்களிடம். "ஆயிரம் மெயில் வரும் தம்பி, நீங்க மிஸ் பண்ணிடுவீங்க." விண்ணப்பம் போனதா, பதில் வந்ததா, எதையும் என் கண்ணால் நான் பார்த்ததில்லை. ஏப்ரல் கடைசியில் கூப்பிட்டு ஐந்து கலர் பிரிண்ட் கொடுத்தார்கள். ஐந்தும் நிராகரிப்பு. அம்மா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாளே சார் போன் செய்து வரச்சொன்னார். பெர்லினில் ஒரு பல்கலைக்கழகம், "ஸ்பெஷல் கோட்டா"வில் இரண்டு சீட் இருக்கிறது, மூன்று நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்றார். அப்பா கேட்ட ஒரே கேள்வி: "ஏனுங்க, கவர்மெண்டுதானுங்களே?"

"ஆமாங்க அண்ணா. கவர்மெண்ட் ரெகக்னைஸ்டு. பாருங்க, ஜெர்மன்லயே போட்டிருக்கு" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். திரையில் "ஸ்டாட்லிஹ் அனெர்கான்ட்" என்று இருந்தது.

இந்த இரண்டு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஸ்டாட்லிஹ் என்று மட்டும் இருந்தால் அரசு நடத்துவது. ஸ்டாட்லிஹ் அனெர்கான்ட் என்றால் அரசு அங்கீகரித்தது, அதாவது பெரும்பாலும் தனியார். நம்மூர் நர்சரி பள்ளி போர்டில் "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதை யாராவது கவர்மெண்ட் ஸ்கூல் என்பார்களா? ஆனால் அதையே ஜெர்மன் மொழியில் காட்டினால் கவர்மெண்ட் ஆகிவிடுகிறது. அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். டச், அதாவது வெள்ளியின் தரம், பார்க்காமல் ஒரு கிராம் வாங்க மாட்டார். அன்றைக்கு லேப்டாப் திரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு 12,000 யூரோ. அன்றைய விலையில் பத்தே முக்கால் லட்சத்துக்கு மேல், இரண்டு வருடத்துக்கு அதன் இரட்டிப்பு. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான மாநிலங்களில் கல்விக்கட்டணமே கிடையாது. செமஸ்டருக்கு நூற்றுச் சொச்சம் முதல் முந்நூற்றுச் சொச்சம் யூரோ வரை ஒரு பங்களிப்புத் தொகை மட்டும், பல இடங்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடக்கம். விதிவிலக்கு உண்டு: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024லிருந்து தனியாக வாங்க ஆரம்பித்துவிட்டது. பாடன்-வூர்ட்டம்பெர்க் கட்டணம்கூட நாங்கள் கட்டியதற்குப் பக்கத்தில் வராது. தனியார் பல்கலைக்கழகங்கள் ஆள் சேர்த்துவிடும் ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுக்கும், அரசுப் பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்தால் அவருக்கு என்ன கிடைக்கும் என்பது ரொம்பப் பின்னால்தான் புரிந்தது. தனியார் என்றால் எல்லாமே மட்டம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்து சேர்ந்தால் அது அவரவர் இஷ்டம். எங்களுக்குச் சொல்லாமல் சேர்த்தார்கள்.

"பார்ட் டைம் செஞ்சே ஃபீஸ் கட்டிடலாம்" என்றும் சொன்னார். இதற்கும் கணக்கு இருக்கிறது. அப்போதைய விதிப்படி மாணவர் ஆண்டுக்கு 120 முழு நாள்தான் வேலை செய்யலாம் (2024 மார்ச்சில் அதை 140 ஆக்கினார்கள்). 2023இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 யூரோ. நாளைக்கு 8 மணி நேரம், 120 நாளும் விடாமல் செய்தால் 11,520 யூரோ. ஃபீஸுக்கே 480 குறைகிறது. வாடகை, சாப்பாடு, அப்போது மாதம் 120 யூரோ பக்கம் வந்த மருத்துவக் காப்பீடு எல்லாம் காற்றில் நிற்கும்.

அம்மாவின் 11 பவுன் அடகுக்குப் போயிற்று. வீட்டுப் பத்திரத்தின் மேல் கல்விக்கடன். விசாவுக்காக, ஒரு வருடச் செலவுப் பணத்தை முடக்கி வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் 11,208 யூரோ போட வேண்டியிருந்தது, அந்த வருடத் தொகை அது, 2024 செப்டம்பரில் 11,904 ஆக்கினார்கள். அது நம் பணம்தான், அங்கே போனதும் மாதா மாதம் நமக்கே திரும்பி வரும். இதையும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா அதை இன்னொரு ஃபீஸ் என்றே நினைத்திருந்தார். ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, விடியற்காலை சென்னையில் இறங்கி, விசா இண்டர்வியூ முடித்து வந்தோம். விசா கிடைத்தது. பட்டறையில் எல்லாருக்கும் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார் அப்பா.

பெர்லினில் இறங்கிய பிறகு அடுத்தது. "தங்குமிடப் பேக்கேஜ்" என்று 90,000 ரூபாய் முன்பணமாக வாங்கியிருந்தார்கள். ஊர் ஓரத்தில் ஒரு ஃபிளாட், ஒரு அறையில் நான்கு கட்டில். அது கூடப் பரவாயில்லை. ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும், அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் ஒன்று தேவை. கேட்டால் வீட்டுக்காரர், "இந்த விலாசத்தில் பதிவு கிடையாது" என்றார். அவரே வாடகைக்கு எடுத்து உள்வாடகைக்கு விட்டவர் போல. பதிவு இல்லாவிட்டால் வரி எண் வராது, வதிவிட அனுமதி வேலை நகராது. சேலத்துக்குப் போன் செய்தால் மேடம், "அதெல்லாம் அங்க போய் நீங்களே பார்த்துக்கணும் தம்பி" என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு, தரையில் மெத்தை போட்டாலும் பரவாயில்லை, பதிவு தருகிறேன் என்ற ஈழத்து அண்ணா ஒருவர் வீட்டில் இடம் கிடைத்தது. அவர் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்த நான்கு கட்டில் அறையால் ஒரு நன்மையும் நடந்தது. எங்களில் மூன்று பேர் அதே கன்சல்டன்சி. 2024 பிப்ரவரியில் ஒருநாள் மூவரும் சேர்ந்திருந்தபோது, குளிரில் வெளியே போக முடியாமல், யாருடைய நிராகரிப்புக் கடிதம் எப்படி இருந்தது என்று பேச்சு வந்தது. மூவரும் போனில் இருந்த படங்களை எடுத்து வைத்தோம். ஒரே பல்கலைக்கழகம், ஒரே தேதி, ஒரே விண்ணப்ப எண். மூவருக்கும். பெயர் இருக்கும் வரி மட்டும் வேறு எழுத்துருவில்.

என் சொந்த மெயிலிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். பெயர், பிறந்த தேதி கொடுத்து, என் விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்று கேட்டேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: இந்தப் பெயரிலும் பிறந்த தேதியிலும் எங்களுக்கு விண்ணப்பமே வரவில்லை. பல பல்கலைக்கழகங்களின் வெளிநாட்டு விண்ணப்பங்களை யூனி-அசிஸ்ட் என்ற அமைப்புதான் வாங்கிப் பரிசீலிக்கிறது, முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்ததற்கு 30. அங்கேயும் விசாரித்தேன். என் பெயரில் எதுவும் இல்லை. அஞ்சுக்கு அப்ளை பண்ணுவதாகச் சொன்னவர்கள் ஒன்றுக்குக்கூடப் பண்ணவில்லை. பண்ணினால் எங்கே இடம் கிடைத்துவிடுமோ என்ற பயம்.

அப்பாவிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சரி, நீ சாப்பிட்டியா கண்ணு" என்றார்.

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்கலாமா என்று யோசித்தேன். கடன் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு வருட ஃபீஸ் கட்டியாயிற்று. முடித்தேன். வார இறுதியில் கிடங்கில் பார்சல் பிரித்து, மீதி நாள் வகுப்புக்குப் போய். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இப்போது லீவில் வந்ததும் நேரே அந்த ஆபீஸுக்குப் போனேன். சார் மறுக்கவே இல்லை, அதுதான் அதிசயம். "ஜெர்மனி போனீங்களா இல்லையா? படிச்சீங்களா இல்லையா? அப்புறம் என்ன தம்பி பிரச்சனை?" என்றார். ஃப்ளெக்ஸைப் பற்றிக் கேட்டதற்கு, "டிசைன் பண்ற பையன் தப்பாப் போட்டிருப்பான்" என்றார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியில் ஒரு அம்மாவும் பெண்ணும் காபி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களிடம் போய், எந்த விண்ணப்பமாக இருந்தாலும் உங்கள் சொந்த மெயிலில் இருந்து போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். மேடம் பின்னாலேயே ஓடி வந்தார்.

அந்தப் பெண்ணுக்கு நின்று சொல்ல நேரமில்லாததை இங்கே சொல்கிறேன். டாட் (DAAD) என்ற ஜெர்மன் அமைப்பின் இணையதளத்தில் ஆங்கிலவழிப் படிப்புகள் நிறைய, கட்டணத்தோடு இருக்கின்றன, பார்க்கக் காசு இல்லை, சென்னையில் அவர்களுக்குத் தகவல் மையமும் உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவருக்கு 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் காட்டி "நாங்க கவர்மெண்ட் அப்ரூவ்டு" என்று ஒரு படிப்பு கன்சல்டன்சி சொன்னால், அது வேறு வேலைக்கு வாங்கிய லைசென்ஸ். நிராகரிப்பு வந்தது என்றால் பிரிண்டை வாங்காதீர்கள், மெயிலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

போலீஸில் மனு கொடுத்து சிஎஸ்ஆர் (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்கியிருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுக்கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம். வழக்குக்கான காரணம் எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதுதான் இடிக்கிறது. பணம் கட்டிய நாளிலிருந்து பார்த்தால் தாண்டிவிட்டது. மோசடி தெரியவந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று வாதாடலாம் என்கிறார் வக்கீல். பல்கலைக்கழகம் அனுப்பிய அந்த ஒற்றை மெயிலின் தேதிதான் எங்கள் பிடி. ஜிபே எண்ணுக்குப் போன பணத்துக்குப் பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுத்தாயிற்று. உங்களிடமும் அதே "டாக்குமெண்டேஷன் சார்ஜஸ்" ரசீது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.

அறையில் இருந்த மூவரில் ஒருவன் மனுவில் கையெழுத்துப் போடுகிறான். இன்னொருவன் மாட்டேன் என்றுவிட்டான். அவன் கடிதம்தான் எல்லாவற்றையும்விடத் தெளிவான ஆதாரம், பெயரையே தப்பாக ஒட்டியிருந்தார்கள். ஆனாலும் வற்புறுத்தவில்லை, அவன் ஊரைக்கூட இங்கே எழுதவில்லை. அவன் வீட்டில் இன்னும் பையன் கவர்மெண்ட் காலேஜில் படித்தான் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.