ஒரே நாளில் கைமாறிய இருவர்: பாஸ்டனும் சிகாகோவும்

2014 அக்டோபர் 4 அன்று, வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கித் தொடரின் பருவம் தொடங்கச் சில நாள்களே இருந்த நிலையில், நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி இரண்டு தற்காப்பு வீரர்களைப் பெற்றுக்கொண்டது. பாஸ்டன் ஜானி பாய்சக்கைக் கொடுத்தது. சிகாகோ நிக் லெடியைக் கொடுத்தது. ஓர் அணி தன் வீரர்களின் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு அந்தப் பருவத்தில் 6.9 கோடி டாலர். அதற்குள் அடங்க வேண்டிய நெருக்கடியே இருவரையும் வெளியேற்றியது.

ஈடாகக் கிடைத்ததை மட்டும் வைத்துப் பார்த்தால் பாஸ்டனின் பேரமே மேலானது. ஒப்பந்தத்தில் ஓராண்டே மிச்சமிருந்த, 30 வயதான பாய்சக்குக்கு இளம் வீரர் தேர்வில் இரண்டு இரண்டாம் சுற்று வாய்ப்புகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் 2015இல் எடுக்கப்பட்ட பிராண்டன் கார்லோ பின்னாளில் பல பருவங்கள் அந்த அணியின் தற்காப்பைத் தாங்கினார். 23 வயதே ஆகியிருந்த லெடிக்கு ஈடாகச் சிகாகோ பெற்ற மூவரில் ஒருவரும் அங்கே நிலைபெறவில்லை.

ஆனால் அந்தப் பருவத்தின் முடிவு நேர்மாறாக அமைந்தது. முந்தைய ஆண்டு 117 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்த பாஸ்டன், 96 புள்ளிகளோடு, கோப்பைக்கான இறுதிக்கட்ட ஆட்டங்களான பிளேஆஃபில் ஆடும் வாய்ப்பையே இழந்தது. பொது மேலாளர் பீட்டர் சியாரெல்லி பதவி நீக்கப்பட்டார். சிகாகோவோ என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றது.

இந்த வேறுபாட்டுக்கான விடை, விற்கப்பட்டவரைவிட அணியில் எஞ்சியிருந்தவர்களிடமே இருக்கிறது என்பது என் கருத்து. சிகாகோவில் டங்கன் கீத், பிரென்ட் சீப்ரூக், நிக்லஸ் யால்மர்சன், ஜானி ஒடூயா என்ற நான்கு தற்காப்பாளர்கள் இருந்தார்கள். பிளேஆஃப் ஆட்டங்களில் மைக்கேல் ரோஸிவாலும் கணுக்கால் முறிந்து விலகிய பிறகு, ஏறத்தாழ முழுச் சுமையையும் அவர்களே சுமந்தார்கள். கீத் மட்டும் 700 நிமிடங்களுக்கு மேல் பனியில் நின்று, பிளேஆஃப் தொடரின் சிறந்த வீரர் விருதையும் பெற்றார். பாஸ்டனுக்கு அத்தகைய கையிருப்பு இல்லை. அக்டோபர் 23 அன்று, அதே ஐலண்டர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் 37 வயது ஸ்டெனோ சாராவுக்கு முழங்காலில் காயம் ஏற்பட, தலைமைத் தற்காப்பாளரும் அவருக்குத் துணைநின்றிருக்க வேண்டிய பாய்சக்கும் இல்லாமல் அணி பல வாரங்கள் ஆட நேர்ந்தது.

நெருக்கடி முளைத்த இடமும் வேறு. சிகாகோ, முன்பு கோப்பை வென்ற முதன்மை வீரர்களைத் தக்கவைத்ததால் வரம்பை முட்டியது. பாஸ்டனோ 2013இல் முன்கள வீரர் ஜரோம் இகின்லாவைக் குறைந்த அடிப்படைச் சம்பளத்துக்கும் பெரிய ஊக்கத்தொகைக்கும் அமர்த்தியது. அவர் வேறு அணிக்குச் சென்ற பிறகும், வரம்பை மீறிய 40 லட்சம் டாலருக்கும் அதிகமான தொகை அடுத்த பருவக் கணக்கில் ஏறியது. வரம்புக் கணக்கில் பாய்சக்கின் ஆண்டுச் சம்பளமோ ஏறத்தாழ 34 லட்சம் டாலர்தான்.

பாஸ்டன் பாய்சக்கை வைத்துக்கொண்டு, முன்களத்தில் ஒருவரை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன். பருவ முடிவில் பாய்சக் ஈடின்றி விலகிப்போயிருக்கலாம். கார்லோவும் கிடைத்திருக்க மாட்டார். சாராவின் வயதைக் கருதும்போது, அந்த ஓராண்டுக்காக அந்த இழப்பை ஏற்றிருக்கலாம்.