கொச்சியில் கப்பல் இறங்கி ஒரே நாளில் கோவை: பணம் கட்டுமுன் படியுங்கள்

வெளிநாட்டில் இருக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சொகுசுக் கப்பலில் கொச்சிக்கு வருகிறார்களா? அங்கிருந்து தனி கார், தனி கைடு வைத்து ஒரே நாளில் கோயம்புத்தூரைப் பார்த்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பப் போவதாகச் சொல்கிறார்களா? அப்படியானால் பணம் கட்டுமுன் அந்தப் பயணத் திட்டத்தை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். என் அக்கா மகள் எனக்கு அனுப்பியது கப்பல் கொச்சியில் வந்து நின்ற அன்று காலையில். பாதிப் பணம் அதற்குள் போய்விட்டிருந்தது.

அவள் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கிலாந்தில். கணவர் வெள்ளைக்காரர். அவருடைய அப்பா, அம்மாவையும் சேர்த்து நான்கு பேராக வந்தார்கள். மும்பையில் ஏறி கொழும்பு வழியாகச் சிங்கப்பூர் போகும் கப்பல் அது. கொச்சியில் ஒரு பகல் மட்டும் நிற்கும். அந்த ஒரு பகலில் பேரூர்க் கோயிலைக் கணவர் வீட்டாருக்குக் காட்டிவிட்டு, அம்மிச்சியை, அதாவது என் அம்மாவைப் பார்த்து, வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. இணையத்தில் தேடி, துறைமுகத்திலிருந்து தனிப் பயணம் ஏற்பாடு செய்யும் ஒரு நிறுவனத்தைப் பிடித்திருக்கிறாள். பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வேலையை இன்னும் பல பெயர்களில் செய்கிறார்கள் என்பதால் பெயரை விட விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் உதவும்.

திட்டத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பேரூர், மருதமலை, ஆதியோகி சிலை, பவானி கூடுதுறை, கொடுமணல் அகழாய்வுக் களம், நடுவில் கைத்தறி நெசவு, கொங்கு விருந்து, மாலை ஆறு மணிக்குத் துறைமுகம். கொச்சித் துறைமுகத்திலிருந்து கோவைக்கு 190 கிலோமீட்டருக்குக் குறையாது. எங்கும் நிற்காமல் வந்தாலே நான்கு மணி நேரம். கோவையிலிருந்து பவானி இன்னும் நூறு கிலோமீட்டர். கொடுமணல் சென்னிமலைப் பக்கம், நொய்யல் கரையில் இருக்கிறது. அகழாய்வு நடக்காத நாளில் போனால் காடும் மேடும்தான் தெரியும். கப்பல் காலை ஏழு மணிக்கு வந்து இரவு ஏழு மணிக்குப் புறப்படும். பயணிகள் ஆறரைக்குள் ஏறிவிட வேண்டும். குடியேற்றச் சோதனை முடிந்து வெளியே வர எட்டேகால். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம் கழித்தால் கோவையில் மிஞ்சுவது இரண்டு மணி நேரம். எழுதிக்கொடுத்தவருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்காது. படிப்பவருக்குத் தெரியாது என்று நம்பித்தான் எழுதியிருக்கிறார்.

அவள் கேட்டு வாங்கிய உறுதிமொழிகள் மூன்று. தமிழ் பேசும், அரசு அங்கீகாரம் பெற்ற கைடு துறைமுக வாயிலிலிருந்தே கூட வருவார். சுங்கம், மாநில வரி, பார்க்கிங் எல்லாம் கட்டணத்தில் அடக்கம். கப்பல் புறப்படுமுன் கொண்டுவந்து விடுவது தங்கள் பொறுப்பு. மீதிப் பாதியைத் திரும்பும்போது ரொக்கமாகக் கொடுத்தால் போதுமாம். நம்பிக்கையான ஏற்பாடு என்று அவள் நினைத்ததில் வியப்பில்லை. எங்களைக் கவிழ்த்தது அந்த மீதிப் பாதிதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

துறைமுக வாயிலில் கைடு இல்லை. வெள்ளை நம்பர் பலகை வைத்த ஒரு காரும் ஓர் ஓட்டுநரும் நின்றார்கள். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் பலகை இருக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். இங்கிலாந்தில் வளர்ந்த பெண்ணுக்கு எப்படித் தெரியும்? கைடு பாலக்காட்டில் ஏறிக்கொள்வார் என்று சொல்லி வண்டியை எடுத்திருக்கிறார்கள். சாலக்குடி தாண்டியதும் கழிப்பறைக்கென்று ஓர் இடத்தில் நிறுத்தம். அது மசாலாப் பொருள் கடை. கழிப்பறை கடையின் கடைக்கோடியில். போகும் வழியெல்லாம் ஏலக்காய், மிளகு, மூட்டுவலித் தைலம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு என்பதைப் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டு, தைலத்தை உட்காரவைத்துத் தடவியே காட்டியிருக்கிறார்கள். முக்கால் மணி நேரம் அங்கே போனது.

அவளுடைய லைவ் லொகேஷனை நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலக்காடு வரை சரியாக வந்த புள்ளி, வாளையார் நெடுஞ்சாலையில் நேராக வராமல் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் திரும்பியது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தத் திருப்பத்தின் பொருள் உடனே விளங்கும். வேலந்தாவளம் வழியாக வருகிறார்கள்; வாளையாரில் வண்டிச் சோதனைக்குப் பயம். ஓன் போர்டு வண்டியில் வெளிநாட்டுக்காரர்களை வாடகைக்கு ஏற்றிக்கொண்டு மாநில எல்லையைக் கடக்கிறவர் வேறு எந்த வழியில் வருவார்? இப்படிப்பட்ட வண்டி விபத்தில் மாட்டினால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க நல்ல காரணம் கிடைக்கும். அந்த நான்கு பேருக்கும் இது தெரியாது. கைடு "கிராமத்து வழி, தென்னந்தோப்பு பார்க்கலாம்" என்று சொன்னாராம்.

கைடைப் பற்றி ஒரு சொல். மரியாதையாகவே எழுதுகிறேன், கோவைக்காரனுக்கு வேறு விதமாக எழுத வராது. தமிழ் நன்றாகவே பேசினார். ஆனால் நொய்யலில் ரோமானியர்களின் கப்பல் வந்து கொடுமணலில் நங்கூரம் போட்டது என்று சொல்லியிருக்கிறார். நொய்யலைப் பார்த்தவர்கள் சிரித்து முடித்த பிறகு தொடர்கிறேன். எனக்குச் சிரிப்பை விட ஆத்திரம்தான் வந்தது. ஏனென்றால் உண்மைக் கதை அதைவிட நன்றாக இருக்கும். அவர்கள் வந்த அந்தப் பாதையே பழைய வணிகப் பாதை. மேற்குக் கடற்கரையில் முசிறியில் யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பின. அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டைக் கடந்து கரூர் வரை வணிகக் கூட்டங்கள் நடந்தன. வழியில் கொடுமணலில் இரும்பு உருக்கினார்கள். மணிக்கற்களை அறுத்துத் துளையிட்டு மெருகேற்றினார்கள். பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமியில் பெயர்களைக் கீறினார்கள். கோவை வட்டாரத்தில் ரோமானியக் காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. கொச்சியில் கப்பலிலிருந்து இறங்கிக் காரில் வருகிற நான்கு பேருக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கதை ஏது? நான்கு மணி நேரம் சொல்லலாம். அதற்குத்தான் அவர்கள் கைடுக்குப் பணம் கொடுத்தார்கள்.

கோயில் நடை பகல் ஒரு மணிக்குச் சாத்திவிடுவார்கள், நேராகப் பேரூருக்கு வாருங்கள் என்று போனில் ஓட்டுநர், கைடு இரண்டு பேரிடமும் சொன்னேன். "சரிங்க சார், நேராக வருகிறோம்" என்றார்கள். புள்ளி பாலக்காட்டுச் சாலையில் ஒரு கட்டடத்தில் போய் நின்றது. நான் அங்கேயே போய்விட்டேன். வாசலில் கைத்தறி மையம் என்று பெரிய பலகை, உள்ளே காட்சிக்கு ஒரே ஒரு தறி, அதில் ஒரு பெரியவர். மற்ற இடம் முழுக்க விற்பனை. மாப்பிள்ளையின் அப்பாவின் மடியில் ஒரு ஜமக்காளம் விரித்துக் கிடந்தது. பவானி ஜமக்காளம் என்றார்கள். பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்ற பொருள். கனமான பருத்தி நூலில் பட்டை பட்டையாக நிறம் மாற்றி நெய்தது. திருப்பிப் போட்டாலும் பட்டை அதே போலத் தெரியும். இது அச்சடித்த துணி. மறுபக்கம் வெளுத்துக் கிடந்தது. ஜமக்காளத்தை விசைத்தறியில் நெய்யவே கூடாது என்று 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சொல்கிறது. கைத்தறி முத்திரை எங்கே என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பார்க்காமல் கைடைப் பார்த்தார். கைடு என்னை வெளியே அழைத்து, "உள்ளூர்க்காரர் நீங்களே வியாபாரத்தைக் கெடுக்கலாமா சார்?" என்று கேட்டார். எனக்கும் கமிஷன் தருவதாக ஒரு சாடை வேறு. கட்டடம் கோவையில் நின்றாலும் அந்தக் கடை நம் ஊர்க் கைத்தறிக்காரர்களின் வாயில் மண்ணைப் போடுகிற கடை. வியாபாரம் கெட்டது, எனக்கு அதில் இன்றுவரை திருப்தி.

பேரூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. நடை சாத்தியாகிவிட்டது. மறுபடி நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள், அப்போது இவர்கள் கொச்சிக்குத் திரும்பும் வழியில் இருக்க வேண்டும். கனகசபையின் கல்தூண்களில் நிற்கும் ஊர்த்துவ தாண்டவரையும் யானைத் தோலுரித்த மூர்த்தியையும் ஒரே கல்லில் கோத்த சங்கிலியையும் காட்டத்தான் அவள் அத்தனை தூரம் அழைத்து வந்தாள். கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த நேரத்திலும் கைடு விடவில்லை. ஆளுக்கு இரண்டாயிரம் கொடுத்தால் பின்வாசல் வழியாகச் சிறப்பு தரிசனம் ஏற்பாடு செய்வேன் என்றார். அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது என்று அங்கே பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள்தான் எங்களுக்கு முன்பே சத்தம் போட்டார்.

வீட்டில் அம்மா விடியற்காலையிலிருந்து சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் எடுத்து, கொள்ளுப் பருப்பு கடைந்து வைத்திருந்தார். வெளிநாட்டுச் சம்பந்தி வீட்டாருக்கென்று காரமில்லாமல் தனியாக ஒரு கோழிக் குழம்பு. சாப்பிட அரை மணி நேரம்கூட இல்லை. இரண்டே காலுக்கு ஓட்டுநர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். மசாலாக் கடையில் முக்கால் மணி நேரம் பொறுமையாக நின்ற அதே ஓட்டுநர்.

என் காரிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். உடனே கைடு, துறைமுகத்தில் எங்கள் வண்டி எண்ணைத்தான் பதிந்திருக்கிறது, வேறு வண்டியில் போனால் உங்களை உள்ளே விடமாட்டார்கள் என்று ஆங்கிலத்தில் மாப்பிள்ளையின் பெற்றோரிடம் சொல்லிவிட்டார். சுத்தப் பொய். கப்பல் அட்டையையும் அடையாளச் சான்றையும் காட்டினால் பயணியை வாயிலில் விடுவார்கள்; அவர் எந்த வண்டியில் வந்து இறங்கினார் என்பது கணக்கில் இல்லை. ஆனால் வயதானவர்கள் மிரண்டுவிட்டார்கள். மிரண்டவர்களிடம் விவாதிக்க நேரமும் இல்லை.

வடக்கஞ்சேரி தாண்டி, குதிரான் சுரங்கப் பாதைக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார்கள். மீதிப் பாதியைக் கேட்டார்கள், கொடுத்தாள். அதன் பிறகு தமிழ்நாட்டு வரி, மூன்று சுங்கச் சாவடி, கூடுதல் நேரம், கைடு படி என்று மேலும் 180 பவுண்டு. வரி கட்டாமல் தப்பிக்கத்தான் வேலந்தாவளம் சுற்றி வந்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். முதலாளியின் சம்மதம் வராமல் வண்டியை எடுக்க முடியாது, அவர் போன் எடுக்கவில்லை என்று ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டாராம். அவள் எனக்குப் போன் செய்தாள். நான் கோவையில் இருந்துகொண்டு கத்தலாம், போலீஸ் என்று மிரட்டலாம். போலீஸ் வந்து விசாரித்து முடிப்பதற்குள் கப்பல் போய்விடும். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்குக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்குத் தன் செலவில் விமானம் பிடித்துப் போய் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். ஓட்டுநருக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். கப்பல் நேரம்தான் அவர் கையில் இருக்கும் சாட்டை. கொடுத்துவிடு அம்மிணி என்றேன். ஆறு இருபதுக்கு வாயிலில் இறக்கிவிட்டார்கள்.

கொச்சியில் நேர்மையாகக் கார் ஓட்டிப் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தப் பதிவு அவர்களைப் பற்றியதல்ல. ஆனால் இனி யாராவது உங்கள் வீட்டில் இப்படி ஏற்பாடு செய்தால், முந்தின நாளே வண்டி எண்ணையும் பலகையின் படத்தையும் வாங்கிவிடுங்கள். மஞ்சள் பலகையும் தமிழ்நாட்டுக்கு வரி கட்டிய ரசீதும் இல்லையென்றால் ஏறவே வேண்டாம். மீதிப் பணம் துறைமுக வாயிலில் இறங்கிய பிறகுதான் என்று எழுத்தில் இருக்கட்டும். "திரும்பும்போது" என்ற சொல்லுக்குள் 190 கிலோமீட்டர் நெடுஞ்சாலை இருக்கிறது. கடை எதுவும் வேண்டாம் என்பதும் எழுத்தில் வேண்டும். கப்பலுக்குள் ஓடும் கடிகாரமும் நம் ஊர் நேரமும் சில சமயம் வேறுபடும். எந்த மணியைக் கணக்கில் கொள்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், ஒரு பகல் நிற்கும் கப்பலுக்குக் கோவை மிகத் தூரம். பாலக்காடுதான் எல்லை. பெரியவர்களை நாம் அங்கே அழைத்துப் போய்விடலாம். ஹைதர் அலி 1766இல் கட்டிய கோட்டை இருக்கிறது, நிழலில் உட்கார இடம் இருக்கிறது, பேச முழுதாக மூன்று மணி நேரம் கிடைக்கும்.

புகார் கொடுத்திருக்கிறோம். நிறுவனத்தின் பதில் ஒரே வரி: சேவை முழுமையாக வழங்கப்பட்டது. இந்தியாவில் இருப்பவர் பணம் கட்டியிருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி தான் குடியிருக்கும் ஊரின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொச்சிக்கு அலைய வேண்டாம். இவள் முன்பணத்தை இங்கிலாந்தில் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாள். அந்த நாட்டின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின்படி, நூறு பவுண்டுக்கு மேற்பட்ட சேவையில் விற்றவர் ஏமாற்றினால் கார்டு கொடுத்த வங்கியும் பொறுப்பு. வங்கி ஆதாரம் கேட்டது. வேலந்தாவளம் பக்கம் திரும்பிய அந்த நீலப் புள்ளியின் படம், வெள்ளைப் பலகை, ஐந்து ஊர் போட்ட திட்டம், இவற்றோடு நடை சாத்திய கோபுரத்தின் முன் நால்வரும் நிற்கும் படத்தையும் நேரம் தெரியும்படி அனுப்பியிருக்கிறாள். ரோட்டில் ரொக்கமாகப் பிடுங்கிய பணத்துக்கு ரசீது இல்லாததால் அது வராது என்று வங்கி இப்போதே சொல்லிவிட்டது.