ட்ரோஜனைப் பிடிக்க எது சரி: டிஃபெண்டரா, காசு கொடுத்து வாங்குவதா?

ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணி வாங்கினால், பில் போடும்போதே "ஆன்டிவைரஸ் போட்டுடலாமா சார்?" என்று கேட்பார்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதுமா, கே7, குவிக் ஹீல் மாதிரி ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவதா, மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பை வைத்துச் சமாளிப்பதா? ட்ரோஜன் என்ற ஒன்றை மட்டும் மனதில் வைத்து இந்த மூன்றையும் பார்க்கலாம்.

வைரஸ் மற்ற ஃபைல்களில் ஒட்டிக்கொண்டு பரவும், வோர்ம் தானாகவே அடுத்த மெஷினுக்குப் போகும். ட்ரோஜன் இந்த இரண்டையும் செய்யாது, நாமே அதை நல்ல சாஃப்ட்வேர் என்று நம்பி டபுள் கிளிக் செய்ய வேண்டும். 1989-ல் எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி சுமார் 20,000 ஃப்ளாப்பிகளைத் தபாலில் அனுப்பி, ஃபைல் பெயர்களைப் படிக்க முடியாமல் ஆக்கி, பனாமாவில் ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னார்கள். அன்றிலிருந்து வேலை நடக்கும் முறை அதேதான்.

நம்ம ஊரில் அதிகம் புழங்கும் உதாரணம் திருட்டு விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் டூல். திறந்து பாருங்கள்: ஒரு ஜிப் ஃபைல், அதற்கு 1234 என்று பாஸ்வேர்ட், பக்கத்திலேயே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு ரன் செய்யவும்" என்று குறிப்பு. பாஸ்வேர்ட் தெரியாமல் அந்த ஜிப்புக்குள் எந்த ஆன்டிவைரஸாலும் எட்டிப் பார்க்க முடியாது, அதற்காகத்தான் அந்தப் பாஸ்வேர்டே. பிரித்த பிறகு பிடித்துவிடுமே என்றால், அதற்குள் நாமே ஆஃப் செய்திருப்போம். இந்த இடத்தில் மூன்று ஆன்டிவைரஸும் ஒரே மதிப்பெண்தான், பூஜ்யம்.

சரி, ஆஃப் செய்யாமல் வைத்திருந்தால்? பழைய சிக்னேச்சர் முறை, தெரிந்த ஃபைலின் அடையாளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. ட்ரோஜன் எழுதுகிறவர்கள் அதே சரக்கை வேறு உறையில் சுற்றி வெளியே விட்டால் அந்த அடையாளம் மாறிப்போகும். அதனால் இன்றைய ஆன்டிவைரஸ்கள் ஃபைல் ஓடும்போது என்ன செய்கிறது என்று கண்காணிக்கின்றன, சந்தேகம் வந்தால் கம்பெனி சர்வரிடமும் கேட்கின்றன. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரேட்டிவ்ஸ் வெளியிடும் சோதனை முடிவுகளைப் பார்த்தால், முன்னணியில் இருப்பவை எல்லாம் உச்சத்தில் நெருக்கியடித்துக்கொண்டுதான் நிற்கும். அந்தப் புள்ளி வித்தியாசத்துக்காகப் பணம் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. நெட் இல்லாதபோது எவ்வளவு பிடிக்கிறது, நல்ல ஃபைலை எத்தனை தடவை தப்பாகப் பிடிக்கிறது என்ற இரண்டைத்தான் நான் பார்ப்பேன்.

அங்கேதான் டிஃபெண்டர் கொஞ்சம் சறுக்குகிறது. நெட் இருந்தால் நன்றாகப் பிடிக்கிறது, நெட் இல்லாதபோது அதன் பிடிப்பு குறைவது ஏவி-கம்பேரேட்டிவ்ஸ் அறிக்கைகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. வீட்டில் எப்போதும் வைஃபை ஓடுகிறதென்றால் கவலையில்லை. அப்புறம், டிஃபெண்டரில் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் சாஃப்ட்வேர்) பாதுகாப்பு என்ற பகுதிக்குள் ஃபோல்டர்களைக் காக்கும் வசதி ஒன்று 2017-லிருந்து இருக்கிறது, ஆனால் அது ஆஃபாகத்தான் வரும், நாம்தான் போய் ஆன் செய்ய வேண்டும். தெரியாத சாஃப்ட்வேர் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் எழுத வந்தால் தடுத்துவிடும். உங்கள் பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரையும் சேர்த்துத் தடுக்கலாம், அதற்கு மட்டும் அனுமதி கொடுத்துவிடுங்கள். ஒன்று மறக்காதீர்கள்: அது எழுதுவதைத்தான் தடுக்கும், படிப்பதைத் தடுக்காது.

திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடை நிலைமை வேறு. காலையிலிருந்து ராத்திரி வரை யார் யாருடைய பென் டிரைவோ ஏறி இறங்கும், வைரஸ் ஏறி ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போன டிரைவ்கள் வரும், பல கடைகளில் பிரிண்டர் மெஷினுக்கு நெட்டே இருக்காது. இந்த மாதிரி இடத்துக்குக் காசு கொடுத்து வாங்குவதுதான் சரி என்பேன். கே7 1991-ல் சென்னையிலேயே தொடங்கிய கம்பெனி, குவிக் ஹீல் புனேக்காரர்களுடையது. இரண்டிலும் பென் டிரைவுக்கென்று தனி ஸ்கேன் இருக்கிறது, அப்டேட்டை வேறு மெஷினில் இறக்கிக் கொண்டுவந்தும் போடலாம். ஆனால் லைசென்ஸ் முடிந்து அப்டேட் நின்றபின் அப்படியே விட்டுவைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான தேர்வு. புதுப்பிக்காவிட்டால் அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள், டிஃபெண்டர் மறுபடி வேலைக்கு வந்துவிடும்.

மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு, ட்ரையல் காலம் முடிந்ததும் நாம் ஸ்கேன் கொடுத்தால் மட்டும் தேடும், வாசலில் காவல் நிற்காது. டிஃபெண்டர் கண்ணுக்குத் தப்பியது ஏதாவது இருக்கிறதா என்று இரண்டாம் கருத்து கேட்க அருமையான டூல். அதையே முழுப் பாதுகாப்பாக நம்புவது ஆபத்து, ஏனென்றால் லுமா மாதிரித் தகவல் திருடும் ட்ரோஜன்கள் பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் லாகின் குக்கீகளையும் (நாம் ஏற்கெனவே லாகின் செய்துவிட்டோம் என்று சைட்டுக்குக் காட்டும் குறிப்புகள்) சில நிமிடங்களில் சுருட்டி அனுப்பிவிடும். மறுநாள் ஸ்கேனில் ஃபைல் சிக்கலாம், போனது திரும்பாது.

என் தீர்ப்பு இதுதான். நெட் உள்ள வீட்டுக்கு டிஃபெண்டர், மாதம் ஒரு தடவை மால்வேர்பைட்ஸ். பலர் கைபடும், நெட் இல்லாத கடை மெஷினுக்குக் காசு கொடுத்து வாங்கியது. ஒரே மெஷினில் இரண்டு ஆன்டிவைரஸைக் காவலுக்குப் போடாதீர்கள், ஒன்றோடொன்று மோதி மெஷின் தவழும்.

ஏற்கெனவே அந்த ஆக்டிவேட்டரை ரன் செய்துவிட்டீர்கள் என்றால், ஸ்கேன் சுத்தம் என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். வேறொரு சுத்தமான மெஷினிலிருந்தோ போனிலிருந்தோ மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றி, எல்லா டிவைஸிலிருந்தும் லாக்அவுட் கொடுங்கள். குக்கீ அவர்கள் கையில் இருந்தால் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழையலாம், லாக்அவுட் கொடுத்தால்தான் அந்த வழி அடைபடும். பிறகு அந்த மெஷினை ஃபார்மட் அடியுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள்.