ராக்கெட் பார்க்க எது நல்ல இடம்: மாடமா, பழவேற்காடா, மொட்டை மாடியா?

இஸ்ரோ ஏவும் தேதியை அறிவித்ததும் சென்னையில் எங்களைப் போன்ற ஆட்கள் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, "இந்த முறை எங்கேயிருந்து பார்க்கப் போறீங்க?" என்பதுதான். ஸ்ரீஹரிகோட்டா வடக்கே சுமார் 80 கி.மீ. தொலைவுதான் என்பதால் நமக்கு இப்படித் தேர்ந்தெடுக்க முடிகிறது. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு நேரலை ஒன்றே கதி. நமக்கோ நான்கு வழி: ஏவுதளத்துக்குள் இருக்கும் பார்வையாளர் மாடம், பழவேற்காடு, சொந்த மொட்டை மாடி, அப்புறம் அதே நேரலை.

மாடத்திலிருந்து தொடங்குவோம். 2019 ஏப்ரல் 1 அன்று பறந்த பிஎஸ்எல்வி ராக்கெட்டின் சி45 பயணம்தான் பொதுமக்கள் அங்கே உட்கார்ந்து பார்த்த முதல் ஏவுதல். இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் கிடையாது, இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். புறநகர் ரயிலில் சூலூர்ப்பேட்டை வரை போய்விடலாம். அதற்குமேல் ஏரியின் நடுவே நீளும் சாலை. பனிக்காலமாக இருந்தால் பூநாரைகளையும் பார்த்துக்கொண்டே போகலாம்.

மாடத்தில் கிடைப்பது வேறெங்கும் கிடைக்காது: சத்தம். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 நொடி எடுத்துக்கொள்ளும். அதனால் முதலில் ராக்கெட் ஓசையில்லாமல் எழும்பும், பல நொடி கழித்துத்தான் அந்த உறுமல் வந்து சேரும். எந்தத் தொலைக்காட்சியின் ஒலிபெருக்கியும் அதைக் காட்டாது. ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் இஸ்ரோவின் பெரிய ராக்கெட்டான எல்விஎம்3 பறக்கும் நாளில் போங்கள். 640 டன் எடை, கிளம்பும்போதே இரண்டு பெரிய திட எரிபொருள் பூஸ்டர்கள் பற்றிக்கொள்ளும். சாதாரண பிஎஸ்எல்வி அதில் பாதி எடைதான்.

ஆனால் மாடத்தை நம்பிப் போவது சூதாட்டம் மாதிரி. சந்திரயான்-2 முதலில் 2019 ஜூலை 15 அதிகாலை 2:51க்குக் கிளம்ப வேண்டியது. 56 நிமிடம் இருக்கும்போது கவுன்ட்டவுனை நிறுத்திவிட்டார்கள். ராத்திரி முழுக்கக் காத்திருந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். ராக்கெட் ஒரு வாரம் கழித்து, 22ஆம் தேதி மதியம்தான் கிளம்பியது. 2024 டிசம்பரில் ஐரோப்பாவின் புரோபா-3 செயற்கைக்கோள்களை ஏற்றிய பிஎஸ்எல்வியும் கடைசி ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்தப்பட்டு மறுநாள்தான் போனது. விடுப்பு எடுத்துவிட்டுப் போனவருக்கு இன்னொரு நாள் விடுப்பு கிடைக்குமா என்பது அவரவர் மேலதிகாரியைப் பொறுத்தது.

பழவேற்காடு ஒரு நடுவழி. ஏவுதளத்திலிருந்து சுமார் 35 கி.மீ. பதிவு வேண்டாம், பெட்டிச் சோதனை கிடையாது. காற்று சாதகமாக இருந்தால் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கழித்து ஒரு முனகல் வந்து சேரும், அவ்வளவுதான். அன்றைக்கு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். நமக்கு வேடிக்கை, அவர்களுக்கு ஒரு நாள் பிழைப்பு. டச்சுக்காரர்களின் பழைய கல்லறையையும் பார்த்துவிட்டு வரலாம் என்பவர்களுக்குச் சரி. ராக்கெட்டுக்காக மட்டும் என்றால் நான் போகமாட்டேன்.

என் ஓட்டு மொட்டை மாடிக்குத்தான். பலர் நினைப்பதைவிட அங்கிருந்து நன்றாகத் தெரியும். பிஎஸ்எல்வி கிளம்பி 70 நொடியில் கிட்டத்தட்ட 24 கி.மீ. உயரம் போய்விடும். சென்னையிலிருந்து பார்த்தால் அது அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 17 பாகை. கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் ஒரு முஷ்டி 10 பாகை மறைக்கும். ஆக ஒன்றேமுக்கால் முஷ்டி. வடக்கே தண்ணீர்த் தொட்டியோ பக்கத்து அடுக்ககமோ அதற்குக் கீழே நின்றால் போதும். முதலில் வடக்கே தேடுங்கள், பிறகு அது வலப்பக்கம் கடல்மேல் சாய்ந்து போகும். துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி, இலங்கைக்கு மேல் பறக்கக் கூடாது என்பதால் முதலில் தென்கிழக்கே போய் அப்புறம் தெற்கே திரும்பும். அந்த வளைவில் நம் கிழக்கு வானத்தைக் கடந்து போவதால் எனக்கு எல்விஎம்3ஐவிட அதுதான் பிடிக்கும். எல்விஎம்3 பெரும்பாலும் கிழக்கே போய் நம்மைவிட்டு விலகிக்கொண்டே இருக்கும்.

ராக்கெட் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சில கட்டங்களால் ஆனது, ஒன்று எரிந்து கழன்றதும் அடுத்தது எரியும். கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் முதல் கட்டம்தான், இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். திட எரிபொருளில் அலுமினியத் தூள் கலந்திருப்பதால் அத்தனை வெளிச்சமும் வெள்ளைப் புகையும். அடுத்த கட்டத்தில் எரியும் விகாஸ் என்ற திரவ எரிபொருள் எஞ்சினின் சுடர் மங்கலானது. பகலில் அதைத் தேடுவது வீண். இரவு ஏவுதல் என்றால் முக்காலியில் கேமராவை வைத்து ஷட்டரை இரண்டு நிமிடம் திறந்துவிடுங்கள், ஒளிக்கோடு முழுசாகப் பதியும். 2024 டிசம்பர் 30 இரவு 10 மணிக்கு, இரு செயற்கைக்கோள்களை விண்வெளியில் இணைத்துப் பார்க்கும் ஸ்பேடெக்ஸ் போனது அதற்கேற்ற நேரம். அதைவிட ருசியானவை விடியலுக்குச் சற்று முன்னால் கிளம்புபவை. ஸ்ரீஹரிகோட்டாவின் 100வது ஏவுதல் 2025 ஜனவரி 29 காலை 6:23க்கு. தரையில் இன்னும் சூரியன் எழாத நேரம், மேலே ஏற ஏறப் புகைக்கு வெயில் கிடைத்துவிடும்.

மாடியில் நிற்பவர் செய்யக்கூடாத ஒன்று, போனில் ஓடும் நேரலையைப் பார்த்து "இப்போதான் எண்ணுறாங்க" என்று காத்திருப்பது. ஒளிபரப்பு பல நொடி பின்தங்கி வரும், சில இணைப்புகளில் அரை நிமிடம்கூட. அதற்குள் பாதி வேடிக்கை போய்விடும். அறிவித்த நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள்.

அதற்காக நேரலை தேவையில்லை என்று ஆகிவிடாது. 2025 மே 18 காலை பிஎஸ்எல்வி சி61 கிளம்பியபோது முதல் இரண்டு கட்டங்களில் ஒரு குறையும் இல்லை. மாடியில் நின்றவர் கைதட்டிவிட்டுக் காபி குடிக்க இறங்கியிருப்பார். மூன்றாம் கட்டத்தில் அழுத்தம் குறைந்து அந்தப் பயணம் தோற்றது. அப்படியொன்று நடப்பதை வானம் நமக்குச் சொல்லாது. திரையில் உயரமும் வேகமும் காட்டும் கோடு, திட்டமிட்ட கோட்டை விட்டு விலகுகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். ஆகவே முதல் இரண்டு நிமிடம் மாடி, மிச்சம் கால் மணி நேரம் திரை. மேகம் மூடிய ஐப்பசி, கார்த்திகை நாட்களில் முழுக்கத் திரைதான், வேறு வழியில்லை.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்ச நாளில் மாறும். குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து போகவிருப்பது 34 மீட்டர் உயரமும் 120 டன் எடையும் உள்ள எஸ்எஸ்எல்வி என்ற சிறிய ராக்கெட். இலங்கையைச் சுற்றி வளைய வேண்டியதில்லை, நேராகத் தெற்கே போகலாம். அதன் முதல் மூன்று கட்டங்களும் திட எரிபொருள் என்பதால் வெளிச்சத்துக்கும் குறைவிருக்காது. திருச்செந்தூர்ப் பக்கம் வீடு கட்டுபவர்கள் தண்ணீர்த் தொட்டியை வடக்கு மூலைக்குத் தள்ளிவிடுவது நல்லது.